அறைக்கு அறை தரையைத் தனியாக வரைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவோருக்காகத் தங்கள் நாளிதழ் ஒதுக்கும் பக்கங்களில், எந்த அறைக்கு எந்த டைல்ஸ் பொருத்தம் என்று அடிக்கடி படிக்கிறோம். அப்படித் தேர்ந்தெடுத்த தரையைக் கணினி மாதிரிக்குள் எப்படி வைப்பது என்பதுதான் பேசப்படாமல் போகிறது. இப்போது சிறு ஊர்களிலும் ரெவிட் போன்ற மென்பொருளில் வீட்டை முப்பரிமாணத்தில் வரைந்து, சாமான் கணக்கையும் அதிலிருந்தே எடுக்கிறார்கள். சுவரும் ஜன்னலும் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கின்றன. தரை மட்டும் அறையின் பெயருக்குக் கீழே ‘விட்ரிஃபைடு டைல்ஸ்’ என்ற எழுத்தாக நின்றுவிடுகிறது. கணக்கில் விழும் ஓட்டையும் வேலையிடத்தில் வரும் தகராறும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ரெவிட்டில் ‘ரூம்’ வைத்தால் அதன் பண்புகளில் ‘ஃப்ளோர் ஃபினிஷ்’ என்று ஒரு கட்டம் வரும். அது வெறும் எழுத்துக் கட்டம். அதில் கிரானைட் என்று எழுதினாலும் கோட்டா கல் என்று எழுதினாலும் மாதிரியில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. வெட்டுப்படத்தில் தெரியாது, பொருள்களின் அளவைக் கணக்கிடும் ‘மெட்டீரியல் டேக்ஆஃப்’ பட்டியலிலும் வராது. வரைந்த தரைக்கும் அந்த எழுத்துக்கும் எந்த இணைப்பும் இல்லை என்பதால், ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்தால் மென்பொருள் எச்சரிக்கவும் செய்யாது.

இன்னொரு வழக்கம், கான்கிரீட், கலவை, டைல்ஸ் மூன்றையும் ஒரே ‘ஃப்ளோர்’ வகைக்குள் அடுக்குகளாக வைத்து வீடு முழுவதற்கும் ஒரே தளமாக இழுத்துவிடுவது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊரில் சுவரைக் கட்டி, பூசி முடித்த பிறகுதான் தரை போடுகிறோம். சுவருக்கு அடியில் டைல்ஸ் கிடையாது. ஒரே தளமாக வரைந்தால் அங்கும் டைல்ஸ் ஓடுகிறது. 9 மீட்டருக்கு 12 மீட்டர் வெளியளவுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 230 மி.மீ. வெளிச்சுவர் மட்டும் 9.45 ச.மீ. இடத்தைப் பிடிக்கும். உள்ளே 115 மி.மீ. தடுப்புச் சுவர் 20 மீட்டர் ஓடினால் இன்னும் 2.3 ச.மீ. ஆக 11.75 ச.மீ., அதாவது 126 சதுர அடி. ஒரு படுக்கையறைக்கான டைல்ஸ் அது. தவிர, ஹாலும் குளியலறையும் பூஜை அறையும் ஒரே தரையாக இருக்கும் வீடு எங்கே இருக்கிறது?

கான்கிரீட் தளம் ஒரு உருப்படி, அதன்மேல் வரும் தரை அறைக்கு ஒரு உருப்படி என்று பிரித்து வரைவதுதான் சரியான முறை. வேலை கூடும்தான். ஆனால் பிறகு வரும் ஒவ்வொரு கேள்விக்கும் மாதிரியே பதில் சொல்லும்.

முதலில் மட்டத்தைத் தீர்மானியுங்கள். ரெவிட்டில் ஃப்ளோரின் மேல்முகம்தான், மாடியின் உயரத்தைக் குறிக்கும் லெவல் கோட்டில் உட்காரும். கனம் கீழ்நோக்கி இறங்கும். வீடுகளுக்கு லெவல் கோட்டைத் தரை முடிந்த மட்டத்தில் வைத்துக்கொண்டு, கான்கிரீட் தளத்துக்கு ‘ஹைட் ஆஃப்செட் ஃப்ரம் லெவல்’ இடத்தில் கழித்தல் 50 கொடுப்பது நல்லது. அந்த 50 மி.மீ. இடைவெளிக்குள்தான் எல்லா உலர்ந்த அறைகளின் தரையும் அடங்க வேண்டும். ஹாலில் 10 மி.மீ. விட்ரிஃபைடு என்றால் அதன்கீழ் 40 மி.மீ. கலவை. பூஜை அறையில் 20 மி.மீ. கிரானைட் என்றால் 30 மி.மீ. கலவை. தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் போடுபவர்கள் அதன் கனத்தை டைல்ஸ் கனமாக நினைத்துவிடக் கூடாது. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையும் சிமென்ட்டும் ஊற்றி வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. ஏறத்தாழ 20 மி.மீ. இருக்கும். மாடிப் படுக்கையறையில் 8 மி.மீ. லேமினேட் மரத்தரை வருமானால் அதன்கீழ் 2 மி.மீ. ஃபோம், அதற்கும் கீழ் 40 மி.மீ. மட்டக் கலவை. நான்கும் வேறு வேறு பொருள்கள், மேல்மட்டம் ஒன்றே. இதை ஒருமுறை மாதிரியில் வைத்துப் பார்த்துவிட்டால், ஹாலிலிருந்து பூஜை அறைக்குள் போகும்போது கட்டைவிரல் இடிக்கும் 10 மி.மீ. பிசிறு வீட்டில் வராது.

ஒவ்வொரு தரைக்கும் தனி வகை உருவாக்கும்போது, ‘எடிட் ஸ்ட்ரக்சர்’ என்ற அடுக்குப் பலகையில் கோர் எல்லைக்குள், அதாவது அடுக்குகளின் மையப் பகுதிக்குள், கனமுள்ள ஓர் அடுக்காவது இருந்தே ஆக வேண்டும். கலவையைக் கோருக்குள்ளும் டைல்ஸை அதற்கு மேலும் வையுங்கள். நீர்க்காப்புப் பூச்சை ‘மெம்ப்ரேன்’ என்று குறித்தால் அதன் கனம் பூஜ்யமாகத்தான் இருக்க முடியும், 2 மி.மீ. என்று போட்டால் மென்பொருள் ஏற்காது. வரைந்த பிறகு பண்புகளில் ‘ஸ்ட்ரக்சுரல்’ என்ற டிக் இருந்தால் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் தரைக் கலவையும் கட்டமைப்புத் தளங்களின் பட்டியலில் போய்ச் சேரும். அறையின் கன அளவையும் மென்பொருளிடம் கேட்கிறீர்கள் என்றால் ‘ரூம் பவுண்டிங்’ டிக்கையும் கவனியுங்கள்: கான்கிரீட், தரை இரண்டில் எது அறைக்கு அடி எல்லை என்று ஒரே முடிவாக எடுத்து, எல்லா அறைக்கும் அதையே வைக்க வேண்டும்.

தரையின் எல்லையை வரைய, சுவரைத் தொட்டால் கோடு தரும் ‘பிக் வால்ஸ்’ கருவியைப் பயன்படுத்துங்கள். மேலே தெரியும் ‘எக்ஸ்டெண்ட் இன்டு வால்’ டிக்கை எடுத்துவிட்டால் கோடு சுவரின் பூச்சு முகத்தில் நிற்கும். அப்படி எடுத்த கோடு சுவரோடு ஒட்டியிருக்கும். நாளைக்குச் சுவரை அரை அடி நகர்த்தினால் தரையும் கூடவே நகரும். கையால் இழுத்த கோடு இருந்த இடத்திலேயே நிற்கும், சுவருக்கும் டைல்ஸுக்கும் நடுவே பள்ளம் தெரியும். ஸ்கெட்ச்சை, அதாவது இந்த எல்லைக் கோடுகளை, முடித்ததும், தரை சுவரோடு மோதுகிறது, சுவரின் அந்தப் பகுதியை வெட்டிவிடலாமா என்று மென்பொருள் கேட்டால், ‘நோ’ என்று சொல்லுங்கள். அவசரத்தில் ‘யெஸ்’ அழுத்திவிட்டுச் செங்கல் கணக்கு ஏன் குறைந்தது என்று பிறகு தேடுவது வழக்கமாகிவிட்டது.

‘பிக் வால்ஸ்’ ஒரு இடத்தை விட்டுவிடும். கதவுக்கு அடியில் உள்ள இடம். 230 மி.மீ. சுவரில் 900 மி.மீ. கதவு என்றால் 0.207 ச.மீ., இரண்டேகால் சதுர அடிக்குச் சற்றே குறைவு. இப்படிப் பத்து வாசல் இருந்தால் 22 சதுர அடி யார் கணக்கிலும் சேராமல் போகும். எந்த அறையின் டைல்ஸ் வாசலுக்குள் நுழைகிறது என்பதையும் வரைபடம் சொல்லியாக வேண்டும். கதவை மூடினால் இரண்டு தரையும் சேரும் கோடு பலகைக்கு அடியில் மறைய வேண்டும். ஹாலில் நின்று பார்ப்பவருக்குப் படுக்கையறை மரத்தரையின் ஓரம் தெரியக் கூடாது. அதனால் ஸ்கெட்ச்சில் வாசலுக்கு நேரே உள்ள கோட்டைப் பிரித்து, கதவுப் பலகை நிற்கும் கோடு வரை தள்ளுங்கள். எதிர் அறையின் எல்லையும் அதே கோட்டுக்கு வரட்டும். குளியலறை வாசலில் கிரானைட் பட்டை வைப்பதாக இருந்தால், அதையும் 20 மி.மீ. கனத்தில் ஒரு சிறு ஃப்ளோராக வரைந்துவிடலாம்.

லெவல் கோட்டைக் கான்கிரீட் மேல் வைத்துவிட்டு, தரையைக் கூட்டல் 50-ல் போடுபவர்களும் உண்டு. தவறில்லை. ஆனால் கதவு லெவல் கோட்டில்தான் நிற்கும். 2100 மி.மீ. கதவின் அடி 50 மி.மீ. டைல்ஸுக்குள் புதைந்து, கையில் மிஞ்சுவது 2050. இந்த வழியில் போகிறவர்கள் எல்லாக் கதவுக்கும் ‘சில் ஹைட்’ 50 கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டு விடுபட்டால் தச்சருக்குப் போகும் பட்டியல் கெட்டது.

படிக்கட்டு இதைவிட ஆபத்தான இடம். கான்கிரீட் படி ஒவ்வொன்றும் 150 மி.மீ. உயரம் என்று வார்த்தாயிற்று. படிமேல் 20 கலவையும் 20 கிரானைட்டுமாக 40 மி.மீ. ஏறுகிறது, கீழ் ஹாலிலும் மேல் ஹாலிலும் தரை 50 மி.மீ. ஏறுகிறது. நடுவில் உள்ள படிகள் 150 ஆகவே இருக்கும். முதல் படி 140 ஆகக் குறையும், கடைசிப் படி 160 ஆகக் கூடும். கால் ஒரே அளவுக்குப் பழகி ஏறி வந்து, கடைசியில் 10 மி.மீ. அதிகம் தூக்க வேண்டியிருந்தால் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள். தரை வெறும் எழுத்தாக இருக்கும் மாதிரியில் இது கண்ணுக்கே தெரியாது. தரையையும் படிக்கல்லையும் கனத்தோடு வரைந்து ஒரு வெட்டுப்படம் எடுத்தால் அரை நிமிடத்தில் தெரியும். கம்பி கட்டும் முன்பே கான்கிரீட் படியின் முதல் உயரத்தை 160, கடைசி உயரத்தை 140 என்று மாற்றிவிடலாம். கல் ஒட்டிய பிறகு எல்லாம் 150-ல் வந்து நிற்கும்.

குளியலறைக்குப் பொறுமை வேண்டும். குழாய்களுக்காகத் தாழ்த்தி வார்க்கும் சங்கன் ஸ்லாப் வழக்கமான தளத்திலிருந்து 300 மி.மீ. தாழ்ந்திருந்தால் அதன் மேல்முகம் லெவல் கோட்டிலிருந்து கழித்தல் 350. வாசலில் டைல்ஸ் மட்டம் ஹாலைவிட 20 மி.மீ. கீழே, அதாவது கழித்தல் 20. இடையில் 330 மி.மீ. இருக்கிறது. 8 மி.மீ. டைல்ஸ், 22 மி.மீ. கலவை, மிச்சம் 300 மி.மீ. செங்கல் ஜல்லி நிரப்பு என்று அடுக்கலாம். இனி வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. குளியலறை 1.5 மீட்டருக்கு 2.4 மீட்டர், வடிகால் எதிர்க்கோடியில் என்றால், நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில் அந்த 2.4 மீட்டருக்கு 24 மி.மீ. இறங்க வேண்டும். ‘மாடிஃபை சப் எலிமென்ட்ஸ்’ கருவியால் அந்த முனையை வாசல் மட்டத்திலிருந்து 24 மி.மீ. கீழே இறக்கலாம். அதற்கு முன் அடுக்குப் பலகையில் நிரப்பு அடுக்குக்கு எதிரே ‘வேரியபிள்’ டிக் போட்டிருக்க வேண்டும். போட்டால் அடிமுகம் மட்டமாக இருக்கும், நிரப்பு மட்டும் 300-லிருந்து 276 ஆக மெலியும். போடாவிட்டால் 330 மி.மீ. அடுக்கு முழுவதும் அப்படியே சாய்ந்து, கீழே கான்கிரீட்டுக்குள் 24 மி.மீ. குத்தும், மேலே பார்ப்பவருக்கு வாட்டம் சரியாகவே தெரியும் என்பதால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஒரு மூலையை மட்டும் இறக்கும்போது திரையில் மூலைவிட்டமாக ஒரு மடிப்புக்கோடு தோன்றும். அதை மென்பொருளின் கோளாறு என்று நினைத்து மறைப்பவர்கள் உண்டு. அது உண்மையான மடிப்பு. டைல்ஸும் அந்தக் கோட்டில்தான் மடங்க வேண்டும், அல்லது அங்கே வெட்டுப்பட வேண்டும். 300-க்கு 300 சிறிய டைல்ஸ் என்றால் கொத்தனார் இணைப்புகளில் சமாளித்துவிடுவார். 600-க்கு 1200 பெரிய டைல்ஸ் அந்த மடிப்பில் உட்காராது. ஓரம் தூக்கும், அடியில் காற்று நிற்கும், தட்டினால் டொக் டொக் என்று கேட்கும். பெரிய டைல்ஸ்தான் வேண்டும் என்றால் சுவரோரம் நீள வடிகால் வைத்து ஒரே திசையில் வாட்டம் கொடுங்கள். அப்போது எதிர்க்கோடியின் இரண்டு முனைகளையும் ஒரே அளவு இறக்க வேண்டும், மடிப்பு வராது. எந்த டைல்ஸ் என்பதும் எங்கே வடிகால் என்பதும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கடையில் டைல்ஸ் பார்க்கப் போகும் முன் இந்த மடிப்புக்கோட்டைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்து டைல்ஸ் எண்ணிக்கை. பூச்சுக்கு உள்ளே 3.35 மீட்டருக்கு 3.96 மீட்டர், அதாவது 11-க்கு 13 அடி அறை. மாதிரி சொல்லும் பரப்பு 13.27 ச.மீ. 600-க்கு 600 டைல்ஸ் ஒன்று 0.36 ச.மீ. என்று வகுத்தால் 37 வருகிறது. சேதாரத்துக்கு 5 சதவீதம் சேர்த்து, நான்கு டைல்ஸ் கொண்ட 10 பெட்டி வாங்குவார்கள்; கையில் 40. உண்மையில் எத்தனை தேவை? ஒரு பக்கம் 5 முழு டைல்ஸும் 350 மி.மீ. துண்டும், மறு பக்கம் 6 முழு டைல்ஸும் 360 மி.மீ. துண்டும். 350 வெட்டினால் மிஞ்சுவது 250. அது இன்னொரு 350 ஆகாது. ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புது டைல்ஸ், மொத்தம் ஆறு ஏழு நாற்பத்திரண்டு. ஒன்றுகூட உடையாமல் இருந்தாலே இரண்டு குறைகிறது. அந்த இரண்டுக்காக மறுபடி கடைக்குப் போனால் வேறு பேட்ச் வரும், நிறம் ஒரு சாயல் மாறும், அறையின் ஓரத்தில் அது வருடக்கணக்கில் தெரிந்துகொண்டே இருக்கும்.

பரப்பை மட்டும் நம்பினால் இதுதான் கதி. ஒவ்வொரு தரைப் பொருளுக்கும் டைல்ஸ் அளவிலேயே, உண்மை அளவு மாறாத கட்டக்கோடான ‘மாடல் பேட்டர்ன்’ வையுங்கள். ‘டிராஃப்டிங் பேட்டர்ன்’ வைத்தால் படத்தின் அளவுகோலுக்கு ஏற்ப கட்டம் பெருத்தும் சிறுத்தும் போகும், எண்ணவே முடியாது. 2 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுவதாக இருந்தால் கட்டம் 602 ஆகட்டும். கட்டம் எங்கே தொடங்குவது என்பதை மென்பொருளின் விருப்பத்துக்கு விடாதீர்கள். கட்டக்கோட்டை டேப் பொத்தானால் தேர்ந்தெடுத்து நகர்த்தலாம், அலைன் கருவியால் சுவரோடு ஒட்டலாம். முழு டைல்ஸ் வாசலில் தொடங்கி, துண்டு கட்டிலுக்கோ அலமாரிக்கோ அடியில் முடியும்படி அமைத்து, அந்தப் படத்தை 1:50-ல் அச்செடுத்துக் கொத்தனார் கையில் கொடுங்கள். எங்கே நூல் பிடிப்பது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

தளத்தின் மேல்முகத்தை மட்டும் கோடிட்டுப் பிரித்து (‘ஸ்பிளிட் ஃபேஸ்’), ஒவ்வொரு பகுதிக்கும் ‘பெயிண்ட்’ அடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் அதிகம். வாடிக்கையாளருக்கு நிறம் காட்டும் ஆரம்பக் கட்டத்தில் போதும். ஹாலின் நடுவே ஒரே கனமுள்ள டைல்ஸில் வேறு நிறப் பட்டை வருவதற்கும் போதும். பெயிண்டுக்குக் கனம் கிடையாது. 20 மி.மீ. இறக்கத்தையும் அது காட்டாது, கலவைக் கணக்கையும் தராது. ஸ்கெட்ச்அப் என்ற இன்னொரு முப்பரிமாண மென்பொருளில் முகத்துக்கு நிறம் பூசுவதும் இதே வகைதான். ‘பார்ட்ஸ்’ ஆகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் மாற்றும் வழியும் இருக்கிறது. வீட்டு வேலைக்கு அது தேவையற்ற சுற்று.

இருபது முப்பது வீடுகள் உள்ள அடுக்குமாடி என்றால் கையால் வரைய முடியாது. ரெவிட் வேலையைத் தானாகச் செய்விக்கும் டைனமோ என்ற துணைக் கருவியில் ‘ரூம் ஃபினிஷ் பவுண்டரி’ என்ற கணு (கட்டளைப் பெட்டி), அறையின் எல்லைக்கோடுகளைத் தரும். அதிலிருந்து தரைகளை மொத்தமாக உருவாக்கலாம். அறை நடுவில் தூண் நின்றால் எல்லை இரண்டு வளையங்களாக வரும், இரண்டையும் ஒன்றாகத் திணித்தால் பிழை காட்டும். உருவான தரை பிறகு சுவரோடு நகராது, வாசல் இடமும் சேராது. எனவே சுவர்கள் முடிவான பின்பே இதை ஓட்டுங்கள். எந்தத் தரை எந்த அறைக்கு உரியது என்பது ரெவிட்டில் ஃப்ளோருக்குத் தானாகத் தெரியாது. அறையின் எண்ணை ‘கமென்ட்ஸ்’ இடத்தில் எழுதிவைத்தால்தான் அறைவாரிப் பட்டியல் எடுக்க முடியும். டைனமோவிலேயே அதையும் எழுதிவிடலாம். வெவ்வேறு மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொது வடிவமான ஐஎஃப்சி கோப்பாக மாதிரியை மற்றவர்களுக்கு அனுப்பும்போது, தரைகளை ‘ஐஎஃப்சி கவரிங்’, வகை ‘ஃப்ளோரிங்’ என்று குறித்து அனுப்புங்கள். குறிக்காவிட்டால் டைல்ஸும் ஒரு ‘ஸ்லாப்’ ஆகவே போகும், வாங்குபவர் அதைக் கான்கிரீட்டோடு சேர்த்து எண்ணக்கூடும்.

பாலிடெக்னிக்குகளிலும் தனியார் பயிற்சி மையங்களிலும் ரெவிட் கற்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுவர், கதவு, கூரை, பிறகு படம் காட்டுவது என்று பாடத்தை முடித்துவிடாதீர்கள். ஒரே ஒரு குளியலறையைச் சங்கன் ஸ்லாப், நிரப்பு, வாட்டம், வாசல்பட்டை என முழுமையாக மாணவர்களை வரையச் சொல்லுங்கள். அதை ஒழுங்காக வரைந்தவருக்கு வீட்டின் மற்ற அறைகள் கஷ்டமாக இருக்காது.

வீடு கட்டுபவர்கள், மாதிரிக்குப் பணம் கொடுக்கும் முன் வரைவாளரிடம் இரண்டு வெட்டுப்படங்கள் கேளுங்கள். ஒன்று ஹாலிலிருந்து குளியலறை வாசல் வழியாக வடிகால் வரை. மற்றொன்று படிக்கட்டின் முதல் படியிலிருந்து மாடி ஹால் வரை. இரண்டிலும் தரை கனத்தோடு தெரிகிறதா, ஒவ்வொரு மட்டத்துக்கும் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்தக் கோப்பிலிருந்து எடுத்த டைல்ஸ் கணக்கைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இப்படிக்கு,
கட்டட மாதிரி வரைவாளர்,
திருச்சிராப்பள்ளி